காற்பங்கு ஆசிரியர், முக்காற்பங்கு மாணவர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எல்லைப்புறத் தொழில் நகரம் ஒன்றில் ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டுகள் நிலைத்து நிற்பது எளிய செயலன்று. வாரந்தோறும் ஷிப்டு மாறும் ஊர் ஓசூர். பகல் ஷிப்டு முடித்தவரும் இரவு ஷிப்டுக்குப் புறப்பட வேண்டியவரும் ஒருங்கே அமர்ந்து கவிதை கேட்க ஒரு மாலை நேரத்தைக் கண்டெடுப்பதே அரிது. அந்த அருமையைக் கொண்டாடும் இந்நாளில் அடுத்த பத்தாண்டுகளைப் பற்றியும் ஒரு வினா எழுகிறது. இன்று ஓசூரிலும் தளியிலும் பாகலூரிலும் வேப்பனப்பள்ளியிலும் தொடக்கப் பள்ளியில் அமர்ந்திருக்கும் குழந்தைகளுள் எத்தனை பேர் நாளை இத்தகைய அவைக்கு வந்து தமிழில் ஒரு கருத்தைச் சொல்வார்கள்? ஒரு கவிதையை ஏற்றோ மறுத்தோ பேசுவார்கள்? அவர்களுள் பலர்க்கு வீட்டு மொழி தெலுங்கு, பலர்க்குக் கன்னடம், இன்னும் சிலர்க்கு உருது. அவர்களுக்குத் தமிழ் பேசும் மொழியாக அமையுமா, தேர்வுத்தாளாக மட்டும் நின்றுவிடுமா? இதற்கான விடை பாடநூலில் மட்டும் இல்லை. வகுப்பறையில் ஆசிரியரின் பங்கு எது, மாணவரின் பங்கு எது என்று வகுத்துக்கொள்வதிலேயே அது பெரிதும் அடங்கியிருக்கிறது. அதுவே இவ்வுரையின் பொருள்.

எல்லையின் இயல்பு

1956-இல் மாநிலங்கள் மொழிவழி அமைக்கப்பட்டபோது ஓசூர் சென்னை மாநிலத்தில் நின்றது. சேலம் மாவட்டத்திலிருந்து 1965-இல் தருமபுரியும், தருமபுரியிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரியும் தனி மாவட்டங்கள் ஆயின. ஆட்சி எல்லை கோடாக வரையப்பட்டது. மொழி எல்லை என்றுமே கோடாக இருந்ததில்லை. தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கும் கன்னடமும் பேசிவந்த சிற்றூர்களுக்கு நடுவே சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகள் வளர வளரத் தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்து தமிழ் பேசுவோர் வந்து குடியேறினர். பின்னாளில் வடக்கிலும் கிழக்கிலும் உள்ள மாநிலங்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் வந்தன. இவ்வட்டாரக் குழந்தை பள்ளியில் காலடி வைக்குமுன்பே வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி, அத்திப்பள்ளி தாண்டினால் ஒரு மொழி எனப் பல மொழிகளுக்குக் காது கொடுத்துவிடுகிறது.

2006-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளில் தமிழைப் பகுதி ஒன்றில் கட்டாயப் பாடமாக்கியது. 2006-07 கல்வியாண்டில் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பை அது எட்டியது. அப்போது சிறுபான்மை மொழிப் பள்ளிகளின் மாணவர்கள் தமிழ்த்தாளை எழுத அஞ்சி நீதிமன்றத்தை நாடினர். விலக்குகள் அளிக்கப்பட்டன, 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அவ்வாண்டுத் தேர்வுக்கு விலக்களித்தது. சட்டத்தின் நோக்கத்தையோ வழக்கின் நியாயத்தையோ தீர்ப்பது இவ்வுரையின் வேலையன்று. ஆயினும் ஓர் உண்மை எண்ணத்தக்கது. தெருவில் தமிழ் கேட்டு, தமிழில் காய்கறி வாங்கி, தமிழ்ப் பாட்டை முணுமுணுக்கும் ஒரு சிறுவன், தமிழ்த்தாளைக் கண்டு அஞ்சுகிறான் என்றால் அச்சம் மொழியிலிருந்து வரவில்லை. அது கற்பிக்கப்படும் முறையிலிருந்து வருகிறது. வினாவும் விடையும் ஒரே கையேட்டில் அச்சாகியிருக்க, ஆசிரியர் எழுதிப்போட மாணவர் உருப்போடும் முறையில் இருவருமே மொழியைப் பயன்படுத்துவதில்லை. ஒருவர் ஒப்பிக்கச் செய்கிறார், மற்றவர் ஒப்பிக்கிறார்.

புதிய அணுகுமுறை கூறுவது

இந்நிலைக்கு மாற்றாக எழுந்ததே கருத்துப் பரிமாற்ற மொழி கற்பித்தல். கம்யூனிகேட்டிவ் லாங்வேஜ் டீச்சிங் என ஆங்கிலத்தில் வழங்குவது இதுவே. அமெரிக்க மானிடவியலறிஞர் டெல் ஹைம்ஸ் 1960களின் நடுப்பகுதியில் முன்வைத்த கருத்து இதற்கு ஒரு வித்து. பிழையற்ற வாக்கியத்தை அமைக்கத் தெரிவது மட்டும் மொழியறிவு ஆகாது; யாரிடம், எங்கே, எப்போது, எதைச் சொல்வது என்று தெரிவதும் மொழியறிவே என்பது அதன் சாரம்.

1980-இல் மைக்கேல் பிரீன், கிறிஸ்டோபர் கேண்ட்லின் என்னும் இருவர் எழுதிய கட்டுரை, ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய பங்குகளைத் தெளிவாக வகுத்தது. வகுப்பில் உள்ள அனைவருக்கும் இடையே கருத்துப் பரிமாற்றம் நிகழ வழிசெய்தல் ஆசிரியரின் முதற்பணி. அக்குழுவில் தாமும் ஓர் உறுப்பினராகப் பங்குகொள்ளல் இரண்டாம் பணி. தாமும் ஆராய்ந்து கற்பவராக இருத்தல் அடுத்தது. மாணவரோ பெறுபவர் மட்டும் அல்லர். பெறும் அளவுக்குத் தருபவரும் ஆவார். தமக்கும் பாடத்துக்கும் உடன் கற்போர்க்கும் இடையே பொருளை உசாவித் தெளிபவர் அவர்.

இவற்றுள் முதற்பணியை எவரும் எளிதில் ஒப்புவர். ஆசிரியரும் கற்பவரே என்பதுதான் பலர்க்கு இடறுகிறது. தமிழ் ஆசிரியர் தமிழ் வகுப்பில் எதைக் கற்பது என்னும் ஐயம் நியாயமானதே. எல்லைப்புற வகுப்பறை அதற்கு நேரான விடையை வைத்திருக்கிறது. அதைக் காணுமுன் ஓசூருக்கு அண்மையில் நிகழ்ந்த ஒரு சோதனையைக் காணல் வேண்டும்.

பெங்களூரில் நிகழ்ந்தது

ஓசூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூர் மொழிக் கல்வியாளர் உலகில் ஒரு திட்டத்தின் பெயராகவே விளங்குகிறது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, பெங்களூரில் உள்ள வட்டார ஆங்கில நிறுவனத்தைத் தளமாகக் கொண்டு 1979 முதல் 1984 வரை ஒரு கற்பித்தல் சோதனையை நடத்தினார். பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய இடங்களில் சாதாரணப் பள்ளிகளில் அது நடைபெற்றது. அதன் விளக்கமாக அவர் எழுதிய நூல் 1987-இல் வெளிவந்தது.

அதற்கு முன் தென்னாட்டில் ஆங்கிலம் கற்பித்தலில் வாக்கிய அமைப்புப் பயிற்சியே கோலோச்சியது. 1950களின் இறுதியில் தொடங்கி, தொடக்க வகுப்பு ஆங்கில ஆசிரியர் 27,000 பேருக்கு அம்முறையில் மறுபயிற்சி அளிக்க முயன்ற 'மெட்ராஸ் ஸ்னோபால்' இயக்கம் அக்காலத்தில் பெயர் பெற்றது. பிரபு இந்த அடிப்படையையே மாற்றினார். மாணவரின் மனம் பொருளில் ஊன்றியிருக்கும்போது மொழியின் அமைப்பு தானே உள்ளே படிகிறது என்பது அவர் கொள்கை. எனவே வகுப்பில் இலக்கண விதி கூறப்படவில்லை; வாக்கியங்களைத் திருப்பித் திருப்பிச் சொல்லும் பயிற்சியும் தரப்படவில்லை. ரயில் கால அட்டவணை, வரைபடம், பள்ளி நேர அட்டவணை ஆகியவற்றை வைத்துச் சிந்தித்துத் தீர்க்க வேண்டிய பணிகள் தரப்பட்டன. முதலில் ஆசிரியர் ஒரு பணியை வகுப்பு முழுவதோடும் சேர்ந்து வினவி வினவித் தீர்ப்பார். பின் அதைப் போன்ற இன்னொன்றை மாணவர் தனித்தனியே செய்வர். வகுப்பில் பாதிப் பேராவது பணியில் பாதியையேனும் சரியாகச் செய்ய முடிந்தால் அதன் கடினம் தக்க அளவினது எனக் கொள்ளப்பட்டது.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. புதிய முறை என்றாலே ஆசிரியர் ஒதுங்கிக்கொள்ள மாணவர் குழுக்களாகப் பேசிக்கொள்ளல் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. பிரபு குழுப்பணியை வலியுறுத்தவில்லை. ஒரே நிலையிலுள்ள மாணவர் தமக்குள்ளேயே பேசினால் ஒருவர் பிழை மற்றவர்க்கு உறுதிப்படும் என அவர் தயங்கினார். ஆசிரியரின் பேச்சே வளமான மொழிக்கு ஊற்று என்று கருதினார். ஆகவே அங்கே ஆசிரியர் வகுப்பின் நடுவிலேயே நின்றார். மாறியது அவர் நின்ற இடம் அன்று. அவர் கேட்ட வினா.

இத்திட்டம் குறையற்றதும் அன்று. ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் ஆகியோரின் மதிப்பீடு 1985-இல் வெளியாயிற்று. அதன் முடிவு பொதுவாகத் திட்டத்துக்குச் சார்பாகவே அமைந்தது. ஆயினும் பெரெட்டா பின்னர் ஆராய்ந்தபோது, வழக்கமான வகுப்பாசிரியர்களுள் கணிசமானோர் இம்முறையை முழுமையாகக் கைக்கொள்ள இயலாமல் பழைய வழிக்கே திரும்பியது தெரிந்தது. ஆசிரியர் நம்பாத முறை வகுப்பில் உயிர் பெறாது. இதை உணர்ந்தவர் போலவே பிரபு 1990-இல், மிகச் சிறந்த முறை என்று ஒன்று ஏன் இல்லை என விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். தாம் செய்வது பயன் தரும் என்று ஆசிரியர் உள்ளத்தில் ஓர் உணர்வு வேண்டும். அது உயிரோடு இருக்கும் வகுப்பே நல்ல வகுப்பு என்பது அவர் முடிபு.

நன்னூலின் கணக்கு

பெங்களூர் ஓசூருக்கு வடமேற்கே என்றால் வடகிழக்கே கோலார். கங்கர்களின் பழந்தலைநகரான அவ்வூரைக் குவளாலபுரம் என்பர். அக்குடிப் பெருமையைத் தன் பட்டத்தில் தாங்கிய சிற்றரசன் சீயகங்கன். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவனாகிய அவன் வேண்டவே பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். ஆதலின் ஆசிரியர், மாணவர் இலக்கணத்தை விரித்துரைக்கும் நன்னூற் பாயிரத்துக்கும் பன்மொழி வழங்கும் இந்நிலப்பரப்புக்கும் உள்ள உறவு புறத்தே தேடிக் கொணர்ந்தது அன்று.

நன்னூல் நல்லாசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் மலருக்கும் ஒப்பிடுவதைத் தமிழ் பயின்றோர் அறிவர். மாணவர் நிழல்போல ஆசிரியரைத் தொடர வேண்டும் என்று கூறுவதையும் அறிவர். இவ்வளவில் நின்றால் அது அதிகார நூல் என்றே தோன்றும். ஆனால் அதே பாயிரம் ஒரு கணக்கையும் சொல்கிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு உள்வாங்கினும் மாணவர்க்குக் கிடைப்பது புலமையில் காற்பங்கே. உடன் கற்போரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு. தாம் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. மாணவர் மேற்கொள்ள வேண்டிய செயல்களை எண்ணும்போதும் மொழி வழக்கை அறிதலை அது முதலில் வைக்கிறது; பாடத்தை மறவாது காத்தலோடு வினவுதலையும், பிறர் வினாவுக்கு விடை தருதலையும் சேர்க்கிறது.

இதனால் நன்னூலார் கருத்துப் பரிமாற்ற முறையை அன்றே கண்டார் எனப் பெருமை பேசுவது பொருந்தாது. நன்னூலின் வழியில் கேட்டல் முன்னது, எடுத்துரைத்தல் பின்னது. புதிய அணுகுமுறையில் பேசும்போதே கற்றல் நிகழ்கிறது. நன்னூல் தகுதியில்லா மாணவரை விலக்கவும் கூறுகிறது. பொதுப்பள்ளி எவரையும் விலக்க இயலாது. ஆயினும் ஆசிரியரின் பேச்சு மட்டும் நிரம்பிய வகுப்பு முக்காற்பங்கு வெறுமையான வகுப்பு என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. நாள் முழுதும் தாமே பேசிக் களைத்துப்போகும் ஆசிரியர் தம் கடமையில் குறை வைத்தவர் அல்லர். மாணவர்க்குரிய முக்காற்பங்கையும் தாமே சுமந்தவர்.

ஒரு வகுப்பு

இக்கருத்தை ஒரு காட்சியாக எண்ணிப் பார்க்கலாம். ஓசூருக்கு அப்பால் ஒரு சிற்றூர்ப் பள்ளி, ஐந்தாம் வகுப்பு. ஆசிரியர் தொலைவிலிருந்து மாறுதலில் வந்தவர். கரும்பலகையில் தேன்கனிக்கோட்டைக்கும் தளிக்கும் செல்லும் பேருந்துகளின் நேரங்களை எழுதுகிறார். ஒன்பது மணிக்குத் தேன்கனிக்கோட்டையில் இருக்க வேண்டியவர் எதில் ஏற வேண்டும், அதைத் தவறவிட்டால் என்ன செய்வது என வினவுகிறார். ஒரு சொல்லில் விடைகள் வருகின்றன. இது முதற்படி. அதன்பின் ஒரு சிறுமியை நோக்கி, "உன் வீட்டுக்கு நான் வர வேண்டும், பஸ்ஸை விட்டு இறங்கி எப்படி வருவது, சொல்லம்மா" என்கிறார்.

சிறுமி எழுகிறாள். "ஏரி தாண்டி வாங்க டீச்சர், குடிகிட்ட திரும்பணும்" என்கிறாள். "குடியா? யார் குடியிருக்கும் வீடு?" எனக் கேட்கிறார் ஆசிரியர். வகுப்பு சிரிக்கிறது. சிறுமி இரு கைகளையும் குவித்துக் கும்பிட்டுக் காட்டுகிறாள். "கோயில் டீச்சர், கோயில்!" எனப் பின்வரிசையிலிருந்து ஒரு குரல். தெலுங்கிலும் கன்னடத்திலும் கோயிலைக் குறிக்கும் சொல் அது என்று ஆசிரியர் அன்று அறிகிறார். "ஓ, கோயில் பக்கத்தில் திரும்ப வேண்டுமா? இடப்பக்கமா, வலப்பக்கமா?" என்று மேலும் கேட்கிறார். சிறுமி மீண்டும் பேசுகிறாள். இம்முறை கோயில் என்றே சொல்கிறாள்.

இங்கே நிகழ்ந்தது யாது? விடை தெரிந்த வினாவைக் கேட்பவர் தேர்வாளர். விடை தெரியாத வினாவைக் கேட்பவரே உரையாடுபவர். ஆசிரியர்க்கு வழி உண்மையிலேயே தெரியாது, சிறுமிக்குத் தெரியும். அந்த இடைவெளியே பேச்சுக்குக் காரணமாயிற்று. சிறுமி வழி கற்பித்தாள், சொல்லைக் கற்றாள். ஆசிரியர் சொல்லைத் தந்தார். ஊரையும் மொழியையும் கற்றார். எல்லைப்புற வகுப்பில் ஆசிரியரும் கற்பவர் என்பது வெறும் பணிவுரையன்று, உண்மை நிலை. பல மொழிகள் சூழ்ந்திருப்பதைத் தமிழ் கற்பித்தலுக்குத் தடை எனக் கருதுவோர் உண்டு. உண்மையில் அது வினாக்களின் சுரங்கம்.

பிழை திருத்தமும் இவ்வாறே. தெலுங்கில் பெண்பால் ஒருமைக்கும் அஃறிணை ஒருமைக்கும் வினைமுற்று ஒன்றே. ஆகவே அம்மொழிக் குழந்தை "அம்மா வந்தது" எனக் கூறலாம். அது அறியாமையன்று; தன் மொழியின் ஒழுங்கைத் தமிழுக்குக் கொணரும் அறிவு. "தவறு, உட்கார்" என்றால் பேச்சு அங்கேயே மடியும். "அப்படியா, அம்மா எப்போது வந்தார்கள்?" என்றால் பேச்சும் தொடரும், திருந்திய வடிவமும் செவியில் விழும். இதழோ ஏடோ எழுதும் நேரத்தில் பிழையை எடுத்துக்காட்டி விளக்குவதும் வேண்டும். அதற்குரிய பொழுது வேறு.

எந்தத் தமிழ்?

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் வெகுவாக விலகி நிற்கின்றன. தெருவில் "போறேன்" எனக் கேட்ட குழந்தை நூலில் "செல்கிறேன்" எனக் காண்கிறது. கருத்துப் பரிமாற்றம் என்றால் எந்தத் தமிழில்?

சிங்கப்பூர் இவ்வினாவை நேர்கொண்டது. ஆங்கிலம் மிகுந்து வழங்கும் தமிழ் வீடுகளில் தமிழ் அருகிவருவதைக் கண்டு, 2005-இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பொதுவான பேச்சுத்தமிழுக்கும் வகுப்பறையில் உரிய இடம் தர வேண்டும் எனப் பரிந்துரைத்தது. எழுத்துத்தமிழை மட்டும் கற்ற மாணவர் வீதியில் பேச நாணுவர் என்பது அங்கே கண்ட பாடம். ஓசூரின் நிலை இதற்கு நேர்மாறு. வீதியில் பேசுபவர் வகுப்பில் நாணுகின்றனர். ஆகவே பேச்சுத்தமிழை வாயிற்படியாகவும் எழுத்துத்தமிழை உள்வீடாகவும் கொண்டு, இரண்டுக்கும் இடையே கைப்பிடித்து அழைத்துச் செல்லல் ஆசிரியர் கடன். சிறுமி சொன்ன வழியை அவள் சொன்னவாறே கேட்டு, பின்னர் அதையே ஒரு கடிதமாக எழுதச் செய்தால் வழக்கும் செய்யுள் நடையும் பகைகளாகத் தோன்றா.

தடைகள்

தடைகளை மறைத்தல் நேர்மையாகாது. முதல் தடை தேர்வு. தேர்வு ஒப்பித்தலைக் கேட்கும் வரை வகுப்பும் ஒப்பித்தலையே விரும்பும். இரண்டாம் தடை பெயரளவு மாற்றம். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுவதும் விரிந்த செயல்வழிக் கற்றல், ஆசிரியரை நாற்காலியிலிருந்து இறக்கிப் பாயில் மாணவரோடு அமரச் செய்தது. அது பெரிய மாற்றமே. ஆயினும் பாயில் அமர்வதால் மட்டும் பங்கு மாறிவிடாது. அட்டையை எடுத்துத் தருவதோடு ஆசிரியர் நின்றுவிட்டால், பழைய வகுப்பில் ஆசிரியர் பேச்சு நிறைந்திருந்த இடத்தில் புதிய வகுப்பில் மௌனம் நிறையும்.

மூன்றாவது, மனப்பாடத்தை முற்றும் வெறுத்தல். கவிஞர் நிறைந்த அவையில் இதைச் சொல்லியாக வேண்டும். நெஞ்சில் நிற்கும் பாட்டு மொழிச்செல்வம். பாடம் போற்றலை நன்னூலும் விடவில்லை. பொருள் உணராமல் விடையை உருப்போடுதலே விலக்கத்தக்கது. விரும்பிப் பாடிய பாட்டை எவரும் உருப்போட்டதாகச் சொல்வதில்லை.

வட்டத்தின் பங்கு

ஆசிரியர்க்குக் காற்பங்கு, மாணவர்க்கு முக்காற்பங்கு. அம்முக்காற்பங்கில் பாதிக்கு மேற்பட்டது பிறர்க்கு எடுத்துரைத்தல். அதற்குப் பள்ளி மட்டும் போதாது. கேட்பதற்கு ஓர் அவை வேண்டும். அவ்வவையாக விளங்க இலக்கிய வட்டத்தால் இயலும். ஆண்டுக்கு ஒரு மாலையேனும் மாணவர்க்கு உரியதாகட்டும். அன்று அவர்கள் தம் வீட்டுத் தெலுங்கு விடுகதையையும் கன்னடத் தாலாட்டையும் கொண்டுவந்து அவற்றின் பொருளைத் தமிழில் விளக்கட்டும். கவிஞர்கள் விடை தெரியாமல் வினவட்டும். தமிழாக்கத்துக்கு ஒரு சொல்லை முன்மொழியட்டும். மாணவர் அதை மறுக்கட்டும். ஒடிசாவிலிருந்து நேற்று வந்த தொழிலாளியின் மகனுக்கு, தெலுங்கு வீட்டில் பிறந்து தமிழ் கற்ற மகள் தமிழ்ச் சொற்களைக் கற்பிக்கட்டும். அன்று அவளுக்குத் தமிழ் தேர்வுத்தாளாக இராது. தான் பிறர்க்குக் கொடுக்கும் பொருளாக இருக்கும். கொடுக்க முடிந்ததே ஒருவர்க்குச் சொந்தம்.

இந்த அவை கடந்த பத்தாண்டுகள் தமிழைக் கேட்பித்தது. வரும் பத்தாண்டுகள் அது கேட்கவும் செய்யுமானால், எல்லையில் வளரும் தலைமுறை தமிழில் பேசும், பேசியபின் எழுதும், எழுதியபின் இம்மேடைக்கும் வரும்.